சுவருக்குள் ஒலிபெருக்கி

மண்பானையின் வாயில் ஒலிபெருக்கியைக் கவிழ்த்து வைத்துப் பாட்டுக் கேட்ட காலத்தை, நடுத்தர வயதைக் கடந்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தேநீர்க் கடைகளிலும் முடிதிருத்தும் நிலையங்களிலும் ஒரு காலத்தில் இக்காட்சி சர்வ சாதாரணம். வெறுமனே தொங்கும்போது தகரத்தைத் தட்டினாற்போல் ஒலித்த கருவி, பானையின் மேல் அமர்ந்ததும் முரசின் அதிர்வையும் பாடகரின் கனத்த குரலையும் முழுமையாக வழங்கத் தொடங்கிவிடும். பானைக்கு அப்படி என்ன ஆற்றல் என்று கடைக்காரரிடம் கேட்டால், "பாஸ் நல்லா வரும்" என்பதோடு முடித்துக்கொள்வார். அவர் சொன்னது முற்றிலும் சரி. காரணத்தை மட்டும் நாம் சற்று விரித்துப் பார்ப்போம். ஏனெனில், வீட்டில் இடத்தை மிச்சப்படுத்த ஒலிபெருக்கியைச் சுவருக்குள்ளும் தரைக்குள்ளும் புதைக்கலாமா என்று வாசகர்கள் கேட்கும் கேள்விக்கு விடை அந்தப் பானைக்குள்தான் இருக்கிறது.

ஒலிபெருக்கியின் கூம்பு முன்னும் பின்னுமாக அசைகிறது. அது முன்னே வரும்போது முன்புறக் காற்று நெருக்கப்படுகிறது. அதே கணத்தில் பின்புறக் காற்று தளர்கிறது. ஆகவே முன்னால் பிறக்கும் அலையும் பின்னால் பிறக்கும் அலையும் ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை. இரண்டும் சந்தித்தால் ஒன்றையொன்று அழித்துவிடும். கீச்சென்ற மெல்லொலிகளுக்கு இதனால் பெரிய கேடு இல்லை. ஆனால் தாழ்ந்த ஒலிகளின் கதை வேறு. ஒலி நொடிக்கு ஏறத்தாழ 344 மீட்டர் செல்கிறது. நொடிக்கு 50 முறை அதிரும் கனத்த ஒலியின் ஓர் அலை மட்டுமே ஏறக்குறைய 22 அடிக்கு மேல் நீளும். அவ்வளவு நீண்ட அலைக்கு 8 அங்குலக் கூம்பின் விளிம்பைச் சுற்றி முன்னிருந்து பின்னுக்கு வருவது ஒரு தொலைவே அன்று. விளைவு, முன்னலையும் பின்னலையும் பிறந்த இடத்திலேயே ஒன்றையொன்று விழுங்கிவிடுகின்றன. பானை செய்தது இதுதான்: பின்னலையைத் தன் வயிற்றுக்குள் அடைத்துவிட்டது.

இன்று நாம் பயன்படுத்தும் கூம்பு வகை ஒலிபெருக்கியின் இலக்கணத்தை 1925இல் எழுதி வெளியிட்டவர்கள், அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் ஆகிய இருவர். முன்னலையையும் பின்னலையையும் பிரிக்க ஒரு பலகை வேண்டும் என்பது அவர்கள் காலத்திலேயே தெளிவாகிவிட்டது. பலகை எவ்வளவு அகலமோ அவ்வளவு நல்லது. அப்படியானால் எல்லையே இல்லாத பலகை எங்கே கிடைக்கும்? வீட்டில் அதற்கு மிக நெருங்கிய பொருள் ஒன்றுதான் உண்டு, அது சுவர். சுவரில் துளையிட்டு, கூம்பின் முகம் கூடத்தை நோக்கவும் முதுகு அடுத்த அறையை நோக்கவும் பொருத்திவிட்டால், முன்னலையும் பின்னலையும் சந்திக்க வழியே இல்லை. 1950களில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் ஒலிப்பதிவில் ஆர்வம் கொண்ட பலர் இதைத்தான் செய்தனர். துணிமணி வைக்கும் சிற்றறையின் கதவிலும், மாடிப்படிக்குக் கீழுள்ள அறையின் மரத்தடுப்பிலும் வட்டமாக அறுத்து 12 அங்குல, 15 அங்குல ஒலிபெருக்கிகளைத் திருகினர். அலமாரியில் தொங்கும் கம்பளிக் கோட்டுகளே பின்னலையை உறிஞ்சும் பஞ்சாகவும் பயன்பட்டன!

இதன் பின்னணியில் இருந்தது இடநெருக்கடிதான். நீண்ட நேரம் ஓடும் இசைத்தட்டை கொலம்பியா நிறுவனம் 1948இல் வெளியிட்டது. அதன் நயத்தை முழுமையாகக் கேட்க வேண்டுமாயின் பெரிய பெட்டி வேண்டும். அக்காலப் பெட்டிகளோ பீரோவுக்குத் தம்பி போல நின்றன. அத்தகைய பெட்டி ஒன்றைக் கூடத்தில் நிறுத்தவே இல்லத்தரசியின் அனுமதி எளிதில் கிட்டவில்லை. 1958இல் இரட்டைத் தட ஒலித்தட்டு, அதாவது ஸ்டீரியோ, கடைகளுக்கு வந்தது. இனி ஒன்று போதாது, இரண்டு வேண்டும் என்றாயிற்று. ஒருவருடைய பொழுதுபோக்குக்காகக் குடும்பம் முழுவதும் புழங்கும் அறையில் இரண்டு பீரோக்களை நிறுத்துவதா என்ற வழக்கு அன்று எத்தனையோ வீடுகளில் நடந்திருக்கும். அந்த வழக்கில் என் தீர்ப்பு இல்லத்தரசியின் பக்கமே.

பெட்டியைக் குறைக்கச் சுவரைத் துணைக்கு அழைத்தவர்களில் தலையாயவர் பால் கிளிப்ஷ் என்னும் அமெரிக்கப் பொறியாளர். ஆர்க்கன்சாஸ் மாநிலத்தின் ஹோப் என்ற சிற்றூரில் 1946இல் தொழில் தொடங்கியவர். கொம்பு வடிவக் குழல் ஒலியை வெகுவாகப் பெருக்கும் என்பது பழைய கிராமபோன் காலத்திலிருந்தே தெரிந்த செய்தி. ஆனால் தாழ்ந்த ஒலிகளுக்கு அந்தக் கொம்பின் வாய் மிகப் பெரிதாக இருக்க வேண்டும். நொடிக்கு 30 அதிர்வுகள் வரை இறங்க வேண்டுமாயின், வாயின் விட்டம் ஏறத்தாழ 12 அடி! இலண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் 1930 வாக்கில் அமைக்கப்பட்ட கொம்பு ஒன்று 27 அடி நீளமும், ஏறத்தாழ 7 அடிச் சதுர வாயும் உடையது. அது 1949இல் ஒரு விபத்தில் பெரும்பகுதி சிதைந்து, 2014இல் மீண்டும் உருவாக்கப்பட்டது. அருங்காட்சியகத்துக்கு அது சரி, குடியிருப்புக்கு? கிளிப்ஷ் கண்டது இதுதான்: அறையின் மூலையில் இரண்டு சுவர்களும் தரையும் கூடும் இடமே இயற்கையாக அமைந்த ஒரு கொம்பு. பெட்டியை அந்த மூலையில் சரியாகப் பொருத்தினால், கொம்பின் கடைசிப் பகுதியை வீட்டுச் சுவர்களே தந்துவிடும். தேவைப்படும் வாயின் பரப்பும் எட்டில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். அவர் பெயராலேயே கிளிப்ஷ்ஹார்ன் என்று அழைக்கப்பட்ட அப்பெட்டி எழுபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தயாரிக்கப்பட்டது.

இங்கிலாந்தில் யார்க்ஷயரைச் சேர்ந்த கில்பர்ட் பிரிக்ஸ் வேறு வழியில் சென்றார். வார்ஃப்டேல் நிறுவனத்தை நிறுவிய இவர், ஒலிபெருக்கியைப் பற்றி 1948இல் எளிய நடையில் ஒரு நூலும் எழுதினார். மரப்பெட்டியின் பலகைகள் தாமும் அதிர்ந்து ஒலியைக் கெடுக்கின்றன என்பது அவரது கவலை. ஆகவே இரண்டு ஒட்டுப்பலகைகளுக்கு நடுவில் மணலை நிரப்பினார். அறையின் மூலையில் செங்கல்லால் கட்டப்படும் பெட்டியையும் பரிந்துரைத்தார். செங்கல்லும் மணலும் கனமானவை; எளிதில் அதிர மாட்டா. செங்கல் வீட்டில் வாழும் நமக்கு இச்செய்தி இனிப்பாக இருக்கிறதல்லவா?

இத்தனை முயற்சிகளுக்கும் இடையே, சுவரின் துணையே வேண்டாம் என்று காட்டியவர் எட்கர் வில்சர். 1954இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜில் அவர் தோற்றுவித்த நிறுவனம், சுமார் 2 அடி உயரமும் 1 அடியைச் சற்றே தாண்டிய அகலமும் கொண்ட பெட்டிக்குள் 12 அங்குலக் கூம்பை அடைத்து விற்றது. காற்றுப் புகாதபடி மூடிய சிறு பெட்டியின் காற்றையே வில்லாகப் பயன்படுத்தும் உத்தி அது. அலமாரிக் கதவுகளை அறுக்கும் வேலை அதன்பின் குறைந்துபோயிற்று. பின்னர் 1980களில்தான் சுவர் ஒலிபெருக்கி புதிய உருவில் திரும்பி வந்தது. கலிபோர்னியாவின் சோனான்ஸ் போன்ற நிறுவனங்கள், சட்டத்தோடு கூடிய தட்டையான கருவிகளைச் சுவரில் செருகுவதற்கென்றே விற்கலாயின. வெளியே வெள்ளை வலை மட்டும் தெரியும். அதன்மேல் சுவரின் வண்ணத்தையே பூசிக்கொள்ளலாம்.

இங்கேதான் நாம் கவனமாக இருக்க வேண்டும். அமெரிக்கச் சுவர் வேறு, நம் சுவர் வேறு. அங்கே பெரும்பாலான வீடுகளின் உட்சுவர், மரச்சட்டங்களை 16 அங்குல இடைவெளியில் நிறுத்தி, இருபுறமும் அரை அங்குலச் சுண்ணப் பலகை அடித்து உருவாக்கப்படுவது. உள்ளே 3½ அங்குல ஆழத்திற்கு வெற்றிடம். இரண்டு சட்டங்களுக்கு இடைப்பட்ட அந்த வெற்றிடம் 8 அடி உயரச் சுவரில் ஏறத்தாழ 2¾ கன அடி வரும். அதாவது, விலையில்லாமல் ஒரு பெட்டி சுவருக்குள் காத்திருக்கிறது. சிறு வாளால் அறுத்தால் போதும். அந்த விளம்பரங்களையும் படங்களையும் பார்த்துவிட்டு, இங்கே கொத்தனாரை அழைத்து உளியை எடுக்கச் சொல்வது பொருந்தாது.

நம் செங்கல் சுவர் 9 அங்குலம் அல்லது 4½ அங்குலம். 9 அங்குலச் சுவர் பெரும்பாலும் தளத்தின் பாரத்தைத் தாங்குவது. கட்டி முடித்த சுவரில் குழாய்க்காகவும் மின்கம்பிக்காகவும் காடி வெட்டுவதற்கே ஒரு வரம்பு சொல்லப்பட்டிருக்கிறது: செங்குத்தாக வெட்டினால் சுவரின் கனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆழம் கூடாது; கிடையாக வெட்டினால் ஆறில் ஒரு பங்குக்கு மேல் கூடாது. 9 அங்குலச் சுவரில் அது முறையே 3 அங்குலமும் 1½ அங்குலமும் ஆகிறது. சுவர் ஒலிபெருக்கி ஒன்று கேட்கும் ஆழமோ 3½ அல்லது 4 அங்குலம். அகலத்திலும் காடியைவிடப் பன்மடங்கு. 4½ அங்குலச் சுவரைப் பற்றிப் பேசவே வேண்டாம். மறுபுறம் பூச்சு மட்டும்தான் மிஞ்சும். ஆகவே எழும்பி நிற்கும் சுவரை உடைத்து ஒலிபெருக்கி புதைப்பது கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

ஆனால் கட்டும்போதே திட்டமிட்டால் நிலைமை மாறிவிடுகிறது. நம் முன்னோர் விளக்கு வைக்க மாடம் அமைக்கவில்லையா? இன்று வரை சுவர் அலமாரி கட்டிக்கொள்ளவில்லையா? அதே முறையில் ஒலிபெருக்கிக்கும் ஒரு மாடம் விடலாம். கணக்கு எளிது. 9 அங்குலச் சுவரில் பாதியை விட்டுவிட்டு, 4½ அங்குல ஆழம், 12 அங்குல அகலம், 32 அங்குல உயரம் என ஒரு குழி அமைத்தால் அதன் கொள்ளளவு சரியாக 1 கன அடி. 6½ அங்குலக் கூம்புக்கு அது தாராளமாகப் போதும். மாடத்தின் தலைக்கு மேல் சிறு லிண்டல் கட்டாயம். உட்புறம் முழுவதும் சிமெண்டுக் கலவையால் வழவழப்பாகப் பூசி, ஓரிரு மாதம் நன்கு உலரவிட வேண்டும். ஈரச் சுவரில் காகிதக் கூம்பு பூஞ்சை பிடித்துவிடும். மழைச்சாரல் அடிக்கும் வெளிச்சுவரை இதற்குத் தேர்ந்தெடுக்கவே கூடாது. பின்னலை உள்ளேயே மோதி எதிரொலிக்காமல் இருக்கத் தலையணைக்கு அடைக்கும் பாலியெஸ்டர் பஞ்சைத் தளர்வாக நிரப்பலாம். முகப்பில் முக்கால் அங்குல ஒட்டுப்பலகை. அதன் விளிம்பில் ரப்பர்ப் பட்டை. காற்று கசியக்கூடாது என்பது ஒரு காரணம். பல்லியும் கரப்பானும் குடியேறக்கூடாது என்பது அதைவிடப் பெரிய காரணம்!

இப்படி அமைப்பதில் இடம் மிஞ்சுவதோடு ஒலிக்கும் ஒரு நன்மை உண்டு. பெட்டி சுவரிலிருந்து தள்ளி நிற்கும்போது, அதிலிருந்து பின்னே சென்று சுவரில் பட்டுத் திரும்பும் அலை சற்றுத் தாமதமாக வந்து சேர்கிறது. சுவருக்கும் ஒலிபெருக்கிக்கும் இடையே 2¾ அடி இருந்தால், 100 அதிர்வு ஒலியில் அந்தத் தாமதம் அரை அலையாகி, நேரலையை மங்கச் செய்துவிடுகிறது. சுவரோடு சுவராகப் பதிந்த ஒலிபெருக்கிக்கு இந்தத் தொல்லை இல்லை. பெரிய ஒலிப்பதிவுக் கூடங்கள் பலவற்றில் தலைமை ஒலிபெருக்கிகளைச் சுவரில் பதித்திருப்பது அழகுக்காக மட்டும் அன்று. ஆயினும் சுவர் தாழ்ந்த ஒலியைக் கூடுதலாகத் தள்ளும். ஆம்ப்ளிஃபயரில் பாஸைக் குறைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

தரையைப் பற்றி ஒரு சொல். மேலை நாட்டு வீடுகளில் மரத்தளமும் அதன் கீழே நிலவறையும் உண்டு. வெப்பக் காற்று வரத் தரையில் இரும்பு வலை பதிப்பது அங்கே வழக்கம்; அதே போன்ற வலைக்கடியில் ஒலிபெருக்கியைத் தொங்கவிட்டால் யாருக்கும் தெரியாது. நமக்கோ கீழே மண். அல்லது கம்பி பின்னிய காங்கிரீட் தளம். காங்கிரீட் தளத்தை எக்காரணம் கொண்டும் வெட்டக்கூடாது; அதன் உயிர் அந்தக் கம்பியில் இருக்கிறது. தரைமட்டத்தில் பள்ளம் எடுத்தாலோ ஈரமும் எறும்பும் கறையானும் வரும்; நாள்தோறும் தரை கழுவும் தண்ணீர் எங்கே போகும்? மேல்நோக்கிக் கிடக்கும் கனத்த கூம்பு காலப்போக்கில் தன் எடையாலேயே உள்ளே தொய்வதும் உண்டு. செவிக்கும் அது பொருந்தாது. பேசுபவர் குரல் காலடியிலிருந்து வந்தால் யாருக்குப் பிடிக்கும்? 80 அதிர்வுகளுக்குக் கீழ்ப்பட்ட ஒலி எத்திசையிலிருந்து வருகிறது என்று செவி எளிதில் பிரித்தறியாது. ஆகவே அந்தக் கனத்த ஒலிக்கான சப்-ஊஃபரை மட்டும் சோபாவின் பின்னாலோ மாடிப்படிக்கு அடியிலோ ஒளித்து வைக்கலாம். அதற்குத் தரையைத் தோண்டத் தேவையில்லை.

இப்போது எந்தச் சுவர் என்ற கேள்வி. நம் தெருக்களில் பல வீடுகள் ஒட்டினாற்போல் நிற்பவை. சில இடங்களில் இரு வீட்டுக்கும் சுவர் ஒன்றே. அண்டை வீட்டார் உரிமை பற்றி இவ்விதழில் அடிக்கடி படிக்கிறோம். நான் செங்கல்லின் கணக்கை மட்டும் சொல்கிறேன். ஒலியைத் தடுப்பது சுவரின் கனம். கனம் பாதியானால் தடுப்பாற்றல் ஏறத்தாழ 5 முதல் 6 டெசிபல் குறையும். மாடம் விட்ட இடத்தில் சுவர் பாதியாகிவிடுகிறது. குறைந்த அந்த இடத்திலேயே ஒலிபெருக்கியின் முதுகும் இருக்கிறது! தவிர, முகப்புப் பலகையின் அதிர்வும் நேராகச் செங்கல்லுக்கு ஏறும். நமக்கு இதமாகக் கேட்கும் பேச்சு, அடுத்த வீட்டில் படுத்திருக்கும் முதியவருக்குச் சொல் புரியாத "தொம் தொம்" ஓசையாக இரவெல்லாம் கேட்கும். அவர் பெட்டியை நகர்த்தி வையுங்கள் என்று கேட்கவும் வழியில்லை. அது சுவராகவே ஆகிவிட்டதே! எனவே பொதுச்சுவரில் ஒருபோதும் வேண்டாம். நம் வீட்டுக்குள்ளேயும் பெற்றோர் படுக்கும் அறையின் சுவரையும், தொட்டில் கட்டும் அறையின் சுவரையும் விலக்கிவிட வேண்டும். சிறிய வீட்டில் இவ்வளவையும் விலக்கிய பின் சுவரே மிஞ்சவில்லையெனில், சுவரில் ஆணியடித்துத் தொங்கவிடும் சிறு பெட்டிகளே போதும். வாடகைக்குக் குடியிருப்பவர்களுக்கும் அதுவே ஏற்றது.

மாடம் அமைப்பதென்று முடிவு செய்தவர்களுக்கு இன்னும் இரண்டொரு செய்தி. ஒலிபெருக்கிக் கம்பியை நேராகப் பூச்சுக்குள் புதைக்காமல் முக்கால் அங்குலப் பிளாஸ்டிக் குழாயில் விடுங்கள். அதே குழாயில் வீட்டு மின்கம்பியை விடக்கூடாது. 10 மீட்டர் தொலைவுக்கு 1 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பி இட்டால், போக வர அதன் மின்தடை சுமார் மூன்றில் ஒரு ஓம் ஆகும். 8 ஓம் ஒலிபெருக்கிக்கு அது பொறுக்கத்தக்கதே. 2½ சதுர மில்லிமீட்டர் கம்பியானால் அதிலும் பாதிக்குக் கீழ். முகப்புப் பலகையைத் திருகாணியால் பொருத்துங்கள். பூச்சு பூசி மூடிவிடாதீர்கள். கூம்பின் விளிம்பில் நுரைப்பொருள் இருந்தால் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அது உதிர்ந்துவிடும். அன்று சுவரை இடிக்காமல் கழற்ற முடிய வேண்டும். மாற்றுக் கருவி அதே அளவில் கிடைக்கும் என்பதற்கும் உறுதி இல்லை. பலகையை மட்டும் புதிதாக அறுத்துக்கொள்ள வழியிருந்தால் கவலை இல்லை.

எல்லாவற்றுக்கும் முன்னால், இடத்தை முடிவு செய்ய அவசரப்படாதீர்கள். நாற்காலியில் அமர்பவரின் செவி தரையிலிருந்து ஏறத்தாழ 3 அடியிலும், பாயில் அமர்பவரின் செவி அதைவிடத் தாழவும் இருக்கும்; உயர்ந்த ஒலிக்கான சிறு கூம்பு அந்த மட்டத்தில் வர வேண்டும். இரண்டு ஒலிபெருக்கிகளுக்கும் இடையிலுள்ள தொலைவும், அவற்றிலிருந்து கேட்பவர் இருக்கும் தொலைவும் ஏறக்குறைய சமமாக இருப்பது நன்று. பழைய பெட்டிகள் இரண்டை இரவல் வாங்கி, நீங்கள் எண்ணியிருக்கும் இடத்தில் முக்காலியின் மேல் சுவரோடு ஒட்டி வைத்து ஒரு மாதம் கேளுங்கள். குடியிருக்கும் வீட்டிலேயே இதைச் செய்து பார்க்கலாம். புதுவீட்டுக் கூடத்தின் அளவு மாறுபட்டாலும் உயரமும் இடைவெளியும் பிடிபட்டுவிடும். அந்த மாதத்தில் ஒருநாள் இரவு, வழக்கமான அளவில் ஒலிக்கவிட்டு, நீங்களே அடுத்த அறைக்குச் சென்று கதவைச் சாத்திக்கொண்டு சிறிது நேரம் படுத்துப் பாருங்கள்.